பார்த்தா செங்கல், தட்டுனா ஓடு

வேலைக்குச் சேர்ந்த முதல் ஆண்டில் என் கையில் கொடுக்கப்பட்ட கருவி ஒரு சின்னச் சுத்தியல். அடுக்குமாடிகளின் வெளிச்சுவரில் ஒட்டியிருக்கும் ஓடுகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்க வேண்டும். 'டக்' என்று கெட்டியாகக் கேட்டால் ஓடு பிடித்திருக்கிறது. 'டொப்' என்று கேட்டால் பின்னால் காற்று. என்றாவது ஒருநாள் அது யார் தலையிலாவது விழும். "தம்பி, கண்ண நம்பாத, காத நம்பு" என்பார் கூடவே வந்த சைட் சூப்பர்வைசர் அண்ணன். நான்கு வருடப் பல்கலைக்கழகப் படிப்பில் யாரும் எனக்குச் சொல்லித் தராத பாடம் அது.

சென்ற ஆண்டு ஒரு குறுகியகாலப் பயிற்சிக்காக லண்டன் போயிருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, தெற்கே ஒரு மணி நேர ரயில் பயணத்தில் இருக்கும் லூயிஸ் என்ற சிறிய ஊருக்குக் கிளம்பினேன். கிழக்கு சஸ்ஸெக்ஸ் மாவட்டத்தின் தலைநகரம். அங்கே போனதற்குக் காரணம் தாமஸ் பெய்ன். 'மனித உரிமைகள்' எழுதியவர் ஆறு வருடம் குடியிருந்த வீடு இன்னும் நிற்கிறது என்று படித்திருந்தேன். அதைப் பார்த்துவிட்டு மாலை ரயிலில் திரும்பிவிடலாம் என்பதுதான் திட்டம்.

ஆனால் அந்த ஊரின் ஹை ஸ்ட்ரீட்டில் ஏறத் தொடங்கியதும் பழைய பழக்கம் வந்துவிட்டது. சிவப்புச் செங்கல் முகப்பும் வெள்ளைச் சட்டமிட்ட ஜன்னல்களும் கொண்ட அழகான ஒரு 18ஆம் நூற்றாண்டு வீடு. அக்கம்பக்கம் யாருமில்லை என்று பார்த்துக்கொண்டு சுவரை விரல் முட்டியால் மெதுவாகத் தட்டினேன்.

'டொப்.'

பார்த்தா செங்கல். தட்டுனா ஓடு.

லூயிஸ் ஒரு குன்றின் முதுகில் கட்டப்பட்ட ஊர். சுற்றிலும் சுண்ணக்கல் குன்றுகள். அவற்றைப் பிளந்துகொண்டு ஊஸ் ஆறு கடலை நோக்கிப் போகிறது. டேனியர்களின் தாக்குதலைச் சமாளிக்க ஆல்ஃபிரெட் மன்னர் காலத்தில் அமைக்கப்பட்ட அரண் ஊர்களின் பட்டியலில் லூயிஸ் இருக்கிறது. ஹை ஸ்ட்ரீட் அந்தக் குன்று முதுகின் மேலேயே ஓடுகிறது. அதிலிருந்து தெற்கே இறங்கும் ஒடுக்கமான சந்துகளை உள்ளூரில் 'டுவிட்டன்' என்கிறார்கள். இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் தோளைச் சாய்க்க வேண்டும். இருபுறமும் சிக்கிமுக்கிக் கல் சுவர்கள்.

இந்தக் கல்லைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சுண்ணக்கல் குன்றுகளில் கிடைக்கும் கெட்டியான கல் இது ஒன்றுதான். ஆனால் உருண்டையாக, ஒழுங்கற்று இருக்கும். உடைத்தால் கண்ணாடி மாதிரி பளபளக்கும். ஆனால் சுவரின் மூலையைத் தாங்கும் அளவுக்குப் பெரிய சதுரக் கட்டியாக அதை வெட்டி எடுக்க முடியாது. மூலைக்கு வேறு கல்லை வெளியிலிருந்து வாங்கி வர வேண்டும், அல்லது மூலையே இல்லாமல் கட்ட வேண்டும். ஹை ஸ்ட்ரீட்டில் இருக்கும் புனித மைக்கேல் தேவாலயத்தின் கோபுரம் வட்டமாக இருக்கிறது. சஸ்ஸெக்ஸில் இப்படி வட்டக் கோபுரம் கொண்ட தேவாலயங்கள் மூன்றுதான். மூன்றும் இதே ஊஸ் பள்ளத்தாக்கில் இருக்கின்றன. வட்டக் கோபுரம் எழுந்ததற்குப் பல விளக்கங்கள் உண்டு. எனக்கு உடனே புரிந்தது மூலைக் கல்லின் கணக்கு.

கல் இப்படி என்பதால் சாதாரண வீடுகளை ஓக் மரச்சட்டகத்தால் கட்டினார்கள். தூண், உத்தரம், குறுக்குச்சட்டம் எல்லாம் மரம். இடைவெளிகளில் குச்சிப் பின்னலும் களிமண் பூச்சும். மேல்மாடி தெருப்பக்கமாகக் கொஞ்சம் துருத்திக்கொண்டு வரும். கீர் ஸ்ட்ரீட் என்ற செங்குத்தான சரிவின் உச்சியில் இருக்கும் 'பதினைந்தாம் நூற்றாண்டுப் புத்தகக்கடை' இந்த வகைக் கட்டடம். முதுகு வளைந்த பெரியவர் மாதிரி தெருவை எட்டிப் பார்த்துக்கொண்டு நிற்கிறது.

18ஆம் நூற்றாண்டில் நாகரிகம் மாறியது. மரவீடு என்றால் பட்டிக்காட்டுத்தனம், செங்கல் என்றால் கௌரவம் என்று ஆகிவிட்டது. ஆனால் இருக்கிற வீட்டை இடித்துக் கட்ட எல்லாரிடமும் காசு இல்லை. பழைய மரச்சட்டகத்தின் முன்னால் செங்கல் சுவர் எழுப்பலாம் என்றால் அதன் எடைக்குத் தனி அஸ்திவாரம் வேண்டும். ஏற்கெனவே குறுகலான தெருவில் அதற்கு இடமும் வேண்டும். இந்தச் சிக்கலுக்குக் கிடைத்த தீர்வுதான் 'கணித ஓடு'.

ஓடு செய்யும் சூளையிலேயே வார்த்த களிமண் ஓடு அது. மேல்பாதி மெல்லியது, ஆணி அடிக்க அதில் துளை இருக்கும். கீழ்ப்பாதி தடித்து முன்னால் வந்து, ஒரு செங்கல்லின் முகம் போலவே இருக்கும். மரச்சட்டகத்தின் மேல் குறுக்கே பட்டிக்கட்டைகள் அடித்து, கீழிருந்து மேலாக வரிசை வரிசையாக இதைத் தொங்கவிடுவார்கள். மேல் வரிசையின் தடித்த முகம் கீழ் வரிசையின் மெல்லிய பாதியை மறைத்துவிடும். இடைவெளியில் சுண்ணாம்புச் சாந்து பூசிவிட்டால் முடிந்தது. நீளச் செங்கல், குட்டைச் செங்கல் என்று இரண்டு அளவிலும் ஓடு செய்து மாற்றி மாற்றிப் பொருத்தினார்கள். அதனால் உண்மையான செங்கல்கட்டின் வரிசை முறைகூட அச்சாக வந்துவிடும். கடல் காற்றோடு வரும் மழை உள்ளே இறங்காமலும் இது காத்தது. தென்கிழக்கு இங்கிலாந்தில், குறிப்பாக சஸ்ஸெக்ஸிலும் கென்ட்டிலும், இது பரவியது. லூயிஸில் சிவப்பிலும் இருக்கிறது, பளபளக்கும் கறுப்பு மெருகிலும் இருக்கிறது.

இதற்கு ஒரு பிரபலமான கதை சொல்வார்கள். 1784இல் பிரிட்டிஷ் அரசாங்கம் செங்கல்லுக்கு வரி போட்டது. அந்த வரியை ஏய்க்கத்தான் மக்கள் ஓட்டுக்கு மாறினார்கள் என்று. கேட்கச் சுவையான கதைதான். ஆனால் அதே 1784இல் ஓட்டுக்கும் வரி போட்டார்கள். அதோடு சர்ரே மாவட்டத்தில் 1724 என்று ஆண்டு பொறித்த கணித ஓட்டுச் சுவர் ஒன்று இருக்கிறது. வரி வருவதற்கு 60 வருடம் முன்பே ஓடு வந்துவிட்டது. ஓட்டு வரி 1833இல் நீங்கியது, செங்கல் வரி 1850 வரை இருந்தது. அந்த இடைக்காலத்தில் வேண்டுமானால் வரிக் கணக்கு யாருக்காவது உதவியிருக்கலாம். மற்றபடி காரணம் எளிமையானது. பக்கத்து வீட்டுக்காரன் மாதிரி தன் வீடும் இருக்க வேண்டும் என்ற ஆசை.

சரி, தட்டாமலே இதைக் கண்டுபிடிக்க முடியுமா? முடியும். கட்டடத்தின் மூலைக்குப் போக வேண்டும். இரண்டு சுவர்கள் சந்திக்கும் இடத்தில் தட்டையான ஓட்டால் செங்கல்லின் திரும்பும் முகத்தைக் காட்டுவது கஷ்டம். பெரும்பாலும் மேலிருந்து கீழ்வரை ஒரு மரப்பட்டையை அடித்து, வண்ணம் பூசிச் சமாளித்திருப்பார்கள். ஜன்னலையும் கவனிக்கலாம். உண்மையான செங்கல் சுவரில் ஜன்னல் உள்ளே பதிந்திருக்கும், இங்கே முகப்போடு ஒட்டினாற்போல் நிற்கும். அதன் பிறகு நான் ஒவ்வொரு வீட்டின் மூலையையும் பார்த்துக்கொண்டே நடந்தேன். எதிரே வந்த ஒரு அம்மா என்னைத் திருடன் என்று நினைத்திருக்கக்கூடும்.

இந்தத் தெரு மாறுவேடத்தை ஒளித்துச் செய்ததாகவும் தெரியவில்லை. கோட்டை வாசலுக்குப் பக்கத்தில் காஸில் பிளேஸ் என்ற வீடு. அதன் அரைத்தூண்களின் தலையில் சுருள் சுருளாகக் கல் சங்குகள். அம்மோனைட் என்னும் புதைபடிவத்தின் வடிவம் அது. நம் ஊர்ப் பூஜை அறைகளில் இருக்கும் சாளக்கிராமமும் ஓர் அம்மோனைட்தான். இதைக் கட்டிய ஏமன் வைல்ட்ஸுக்குத் தன் பெயர் அம்மோனைட்டோடு ஒலியில் ஒத்துப்போவது பிடித்திருந்தது. ஆக, தன் பெயரையே தூணில் ஏற்றிவிட்டார். அந்த வீட்டில் வாழ்ந்தவர் கிடியன் மேன்டெல். இதே ஊரில் செருப்புத் தைப்பவரின் மகனாக 1790இல் பிறந்து மருத்துவரானவர். பகலில் நோயாளிகள், மிச்ச நேரமெல்லாம் பாறைகள். சஸ்ஸெக்ஸ் பாறையில் கிடைத்த சில பற்களை வைத்து, அவை அழிந்துபோன பிரம்மாண்டமான, தாவரம் தின்னும் ஊர்வனவுடையவை என்று 1825இல் அறிவித்தார். அதற்கு அவர் வைத்த பெயர் இகுவானடான். டைனோசர் என்ற சொல்லே அப்போது பிறக்கவில்லை. தூணின் மேல் இருக்கும் புதைபடிவம் அலங்காரம். வீட்டுக்குள் இருந்ததோ மனிதன் தன் காலக்கணக்கையே மாற்றிக்கொள்ள வைத்த புதைபடிவம்.

கொஞ்சம் தள்ளி நீதிமன்றம். 1808க்கும் 1812க்கும் இடையில் போர்ட்லண்ட் கல்லில் கட்டியது. முகப்பில் ஞானம், நீதி, கருணை என மூன்று புடைப்புச் சிற்பங்கள். கல் போலத் தெரியும் அவை கல் அல்ல. 'கோட் ஸ்டோன்' என்ற பெயரில் விற்ற, அச்சில் வார்த்துச் சூளையில் சுட்ட களிமண். இயற்கைக் கல்லைவிட நன்றாக மழையைத் தாங்கும். 200 ஆண்டுகளுக்குப் பிறகும் கருணையின் முகம் தேயவில்லை.

இதுவரை சிரித்துக்கொண்டேதான் நடந்தேன்.

நகரமன்றத்தின் முன்னால் வந்ததும் அப்படி நடக்க முடியவில்லை. 1893இல் எழுந்த சிவப்பு முகப்பு. அதற்குப் பின்னால் இருப்பது 'ஸ்டார்' என்ற பழைய விடுதி. உள்ளே செதுக்கு வேலைப்பாடு நிறைந்த ஓக் படிக்கட்டு ஒன்று இருக்கிறது. அதுவும் ஸ்லாம் என்ற ஊரின் பாழடைந்த மாளிகையிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்தது. படிக்கட்டுக்கும் கீழே நிலவறை. முதலாம் மேரி அரசியின் காலத்தில், 1555க்கும் 1557க்கும் இடையே, புராட்டஸ்டன்ட் நம்பிக்கையைக் கைவிட மறுத்த 17 பேர் லூயிஸில் உயிரோடு எரிக்கப்பட்டார்கள். எரித்த இடம் இந்த விடுதியின் வாசல். அதாவது நான் நின்றுகொண்டிருந்த தெரு. 22 ஜூன் 1557 அன்று ஒரே தீயில் பத்துப் பேர். அவர்களில் ஒருவர் ரிச்சர்ட் வுட்மன், இரும்பு ஆலை வைத்திருந்தவர்.

முதலில் எரிக்கப்பட்டவர் டெரிக் கார்வர். பிரைட்டனில் பீர் காய்ச்சியவர். அவரைப் பற்றி ஜான் ஃபாக்ஸ் தன் தியாகிகள் நூலில் எழுதியிருக்கிறார். சிறைக்குப் போகும்போது கார்வருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. சிறையில் இருந்த மாதங்களில் அச்சிட்ட ஆங்கிலத்தைச் சரளமாகப் படிக்கக் கற்றுக்கொண்டார். எரிக்கும் நாளில் அவரை ஒரு பீப்பாயில் நிறுத்தி, அவருடைய புத்தகத்தையும் அதே பீப்பாய்க்குள் போட்டார்கள். அவர் குனிந்து அதை எடுத்துக் கூட்டத்தை நோக்கி வீசினார். திருப்பிப் போடாவிட்டால் மரண தண்டனை என்று அதிகாரி கத்தினார். படிக்கக் கற்ற சில மாதங்களில் ஒரு மனிதன் கடைசியாகச் செய்தது தன் புத்தகத்தைக் காப்பாற்றப் பார்த்தது. அந்த வாசலில் நான் ரொம்ப நேரம் நின்றேன்.

பக்கத்திலேயே 1792இல் கட்டிய சந்தைக் கோபுரம் இருக்கிறது. அதில் தொங்கும் ஊர் மணியின் பெயர் கேப்ரியல். வார்க்கப்பட்ட ஆண்டு 1555, கார்வர் எரிக்கப்பட்ட அதே ஆண்டு.

இன்று லூயிஸ் உலகத்துக்குத் தெரிவது 5 நவம்பர் இரவால்தான். பல தீப்பந்த சங்கங்கள் இந்தத் தெருவில் ஊர்வலம் போகின்றன. 17 பேருக்காக 17 எரியும் சிலுவைகளைத் தூக்கிச் செல்கிறார்கள். பார்ப்பவர்களுக்கு 1557இலிருந்து விடாமல் தொடரும் துக்கம் போலத் தோன்றும். இங்கேயும் மூலைக்குப் போய்ப் பார்க்க வேண்டும். 5 நவம்பர், 1605இல் நாடாளுமன்றத்தை வெடிமருந்தால் தகர்க்க நடந்த கத்தோலிக்கச் சதி முறியடிக்கப்பட்ட நாள். நாடு முழுக்கக் கொண்டாடிய நாள்தான். இப்போதிருக்கும் சங்கங்களில் மூத்தவை 1853இல்தான் தொடங்கின. அதற்கு மூன்று வருடம் முன்பு, 1850இல், இங்கிலாந்தில் கத்தோலிக்க ஆயர் அமைப்பு மறுபடி நிறுவப்பட்டிருந்தது. அதற்கு எதிரான கோபம் கொதித்துக்கொண்டிருந்த அந்தக் காலத்தில்தான் 17 பேரின் நினைவு இந்த விழாவின் மையத்துக்கு வந்தது. ஊருக்கு மேலே குன்றில் நிற்கும் நினைவுத்தூண் 1901இல் எழுந்தது, எரித்து 340 வருடங்களுக்கும் மேலான பிறகு.

16ஆம் நூற்றாண்டின் சட்டகத்தின் மேல் 19ஆம் நூற்றாண்டு ஓடு. சட்டகம் பொய்யில்லை, அந்த 17 பேரும் உண்மையிலேயே எரிந்தார்கள். ஆனால் மேலே தொங்கவிட்ட முகப்பு சிலவற்றை மறைத்தது. மேரிக்குப் பின் வந்த எலிசபெத்தின் ஆட்சியில் கத்தோலிக்கப் பாதிரியார்கள் தூக்கிலிடப்பட்டதும் அதே இங்கிலாந்தில்தான். அதற்கு இந்தத் தெருவில் தீப்பந்தம் இல்லை. பல மதங்கள் ஒரே வரிசையில் வீடு எடுத்து வாழும் நாட்டிலிருந்து வந்தவனுக்கு இது சின்ன விஷயமாகத் தெரியவில்லை. தியாகிகளை நினைப்பது நியாயம். எந்த வருடத்தில், யாருக்கு எதிராக அவர்களை நினைக்கத் தொடங்கினோம் என்பதையும் கூடவே எழுதி வைக்க வேண்டும்.

தெருவின் மேற்குக் கோடியில், பழைய ஊர் வாசல் இருந்த இடத்தில், புல் ஹவுஸ். நான் பார்க்க வந்த வீடு. துருத்திய மரமாடி. மூலையில் மரத்தில் செதுக்கிய ஒரு பூத உருவம் தெருவைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. 1768இல் பெய்ன் இங்கே குடிவந்தார், கலால் வரி அதிகாரியாக. வீட்டுக்காரர் சாமுவேல் ஆலிவ் புகையிலைக் கடைக்காரர். அவர் மகள் எலிசபெத்தை பெய்ன் 1771இல் மணந்தார். மாலைகளில் ஒயிட் ஹார்ட் விடுதியில் நண்பர்களோடு விவாதம். அந்த விடுதியும் ஜார்ஜிய முகப்பு போர்த்திய பழைய கட்டடம்தான். பின்னாளில், 1929இல், பிரிட்டனும் சோவியத் ஒன்றியமும் தூதரக உறவைப் புதுப்பிக்கும் ஒப்பந்தத்தை அங்கேதான் முடித்தன.

பெய்ன் எழுதிய முதல் முக்கியமான பிரசுரம் புரட்சியைப் பற்றியது இல்லை, சம்பளத்தைப் பற்றியது. கலால் அதிகாரிக்கு வருடம் 50 பவுண்ட். குதிரைச் செலவும் மற்றதும் போக ஒரு நாளைக்கு ஒரு ஷில்லிங் ஒன்பதே கால் பென்ஸ்தான் மிஞ்சுகிறது என்று 1772இல் கணக்குப் போட்டுக் காட்டினார். வறுமையில் இருக்கும் அதிகாரியிடம் நேர்மையை எதிர்பார்ப்பது எப்படி என்பது அவர் வாதம். நாடாளுமன்றம் கண்டுகொள்ளவில்லை. 1774இல் வேலை போனது, கடை நொடித்தது, வீட்டுச் சாமான்கள் ஏலம் போயின, கணவனும் மனைவியும் பிரிந்தார்கள். அந்த ஆண்டே அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார். 1776 ஜனவரியில் அங்கே 'பொது அறிவு' வெளிவந்தது. பிறகு 1791இலும் 1792இலும் 'மனித உரிமைகள்'. அந்த நூலுக்காக இங்கிலாந்தின் பல ஊர்களில் அவர் கொடும்பாவியை எரித்தார்கள். அதே நூலைத்தான் அரை நூற்றாண்டுக்குப் பிறகு புனேயில் இளைஞர் ஜோதிராவ் ஃபுலே படித்தார். சாதியை எதிர்த்த அவர் சிந்தனையில் அதற்குப் பெரிய பங்கு உண்டு.

மரம் வெளியே தெரிய நிற்கும் புல் ஹவுஸைப் பார்த்து, அப்பாடா, முகமூடி இல்லாத வீடு என்று நினைத்தேன். அதுவும் சரியில்லை. இங்கிலாந்தில் இப்படி மரம் தெரிய நிற்கும் வீடுகள் பலவற்றில் ஒரு காலத்தில் மேலே பூச்சு இருந்தது. 19ஆம், 20ஆம் நூற்றாண்டுகளில் பழமை மேல் ஆசை வந்தபோது அதை உரித்து மரத்தைக் காட்டினார்கள். உரித்துக் காட்டுவதும் ஒரு நாகரிகம்தான்.

மேல் தெருவில் ஒரு கட்டடச் சுவரில் பழைய மைல்கல் ஒன்று பதித்திருக்கிறது. லண்டன் கார்ன்ஹில்லுக்கு 50 மைல், வெஸ்ட்மின்ஸ்டர் பாலத்துக்கு 49 மைல், பிரைட்ஹெல்ம்ஸ்டனுக்கு 8 மைல். பிரைட்டனின் பழைய பெயர் அது. பெயர் மாறியும் எட்டு மைல் எட்டு மைலாகவே இருக்கிறது.

ரயிலில் திரும்பும்போது என் சொந்த வேலை நினைவுக்கு வந்தது. இங்கே எங்கள் அலுவலகத்தில் அப்போது ஒரு பழைய கடைவீட்டு வரிசைக்கான திட்டம் ஓடிக்கொண்டிருந்தது. முன்சுவரை மட்டும் இரும்புச் சட்டம் கொடுத்து நிறுத்திவிட்டு, பின்னால் இருக்கும் மரத்தளம், படிக்கட்டு, காற்றுக்கிணறு எல்லாவற்றையும் இடித்துவிட்டுக் கான்கிரீட் கட்டுவது. லூயிஸ்காரர்கள் எலும்பை வைத்துக்கொண்டு முகத்தை மாற்றினார்கள். நாங்கள் முகத்தை வைத்துக்கொண்டு எலும்பை எடுக்கிறோம். அவர்கள் செய்ததில் 500 வருடத்துக்குப் பிறகும் தட்டிப் பார்க்க ஏதோ மிஞ்சியிருக்கிறது. நாங்கள் முடித்த பிறகு தட்டினால் 'டக்' என்று கெட்டியாகத்தான் கேட்கும். பின்னால் ஒன்றும் இருக்காது.

திரும்பி வந்து அந்த அறிக்கையில் ஒரு பத்தி கூடுதலாகச் சேர்த்தேன். இடிப்பதற்கு முன் உள்ளே இருக்கும் ஒவ்வொரு மரத்தையும் அளந்து, வரைந்து, படம் எடுத்து வைக்க வேண்டும். யார் அங்கே கடை வைத்திருந்தார்கள், யார் மாடியில் குடியிருந்தார்கள் என்று அக்கம்பக்கத்தில் கேட்டு எழுத வேண்டும் என்று. "இதுக்கெல்லாம் பட்ஜெட் இருக்கா தம்பி?" என்று கேட்டார் மேலாளர். இல்லை என்றேன். அடுத்த இரண்டு சனிக்கிழமைகள் நானே அளவுநாடாவும் டார்ச்சும் எடுத்துக்கொண்டு போனேன். மாடிப் படிக்கட்டின் பின்பக்கத்தில் யாரோ தமிழில் பென்சிலால் அரிசிக் கணக்கு எழுதியிருந்தார்கள்.